தாளின் தலைப்பகுதி

தமிழ்நாட்டு அரசியலில் ஒரு கட்சியைக் கேலி செய்ய ‘லெட்டர் பேடு கட்சி’ என்றாலே போதும். ஆள் கிடையாது, ஓட்டு கிடையாது. தலைப்பு அச்சடித்த தாள் மட்டும் உண்டு. எனக்கு இந்தக் கேலி பிடிக்கும், ஆனால் அந்தத் தாளை நான் லேசாக நினைப்பதில்லை. மேலே உள்ள இரண்டு அங்குலத்தில் ஒருத்தர் தன்னைப் பற்றி எதை நம்பச் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டால், கீழே எழுதியிருப்பதைச் சில சமயம் படிக்கவே வேண்டாம்.

நிகோலா டெஸ்லாவின் கடிதத்தாளில் அவருடைய கண்டுபிடிப்புகளோடு வார்டன்கிளிஃப் கோபுரமும் படமாக இருக்கும். கம்பியில்லாமல் உலகத்துக்கே மின்சாரம் அனுப்ப அவர் கட்டத் தொடங்கிய கோபுரம் அது. நினைத்தபடி ஒருநாளும் இயங்கவில்லை, 1917-ல் இடித்தார்கள். தாளில் மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

நமக்கும் இது அச்சகம் வந்த பிறகு தொற்றிய பழக்கம் இல்லை. அரசன் அனுப்பும் ஓலைக்கே ‘திருமுகம்’ என்றுதான் பெயர். முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி உட்கார்ந்துகொண்டது. ஆட்சியாண்டு ஏற ஏற, அதில் வென்ற நாடுகளின் பட்டியலும் நீளும். பட்டியல் எந்த நாட்டோடு நிற்கிறது என்று பார்த்தே கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதுண்டு. பதவி கிடைத்த மறுநாளே பழைய பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஆயிரம் வருஷத்து முன்னோடி!

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த இடத்தை ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் பிடித்துக்கொண்டன. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 18-ஆம் பிரிவில் பட்டங்களை ஒழித்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் பத்ம விருதுகள் செல்லும், ஆனால் அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டக் கூடாது என்றது. அரசின் விதிமுறை ‘லெட்டர் பேடிலும் கூடாது’ என்று தனியாகவே சொல்கிறது. ஆசை எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. மாறாக, பெரியார் 1927 இறுதியில் ‘குடி அரசு’ முகப்பில் தன் பெயரோடு இருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை எடுத்தார். சேர்ப்பவர்கள் மத்தியில் இப்படி நீக்கியவர்கள்தான் எனக்கு முக்கியமானவர்கள்.

வாசுதேவநல்லூர் பக்கம் பழைய லெட்டர் பேடு கிடைத்தால் நான் சாமி படத்தையோ பிள்ளையார் சுழியையோ முதலில் பார்ப்பதில்லை. முகவரியின் கடைசி வரிக்குப் போய்விடுவேன். எங்கள் ஊருக்கு மாவட்டம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் திருநெல்வேலி. 1986-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி. நடுவில் 1997 இருக்கிறது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். அரசு கடைசியில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் அதோடு போனார்.

ஆயிரம் தாள் அடித்து வைத்தவர் என்ன செய்வார்? பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு. அந்தக் கோட்டில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று தாளுக்குச் சொந்தக்காரர் யோசித்திருக்க மாட்டார். மிச்சத் தாள் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே கனமான பேடு என்றால் எம்.எல்.ஏ.வுடையதுதான். ஆஸ்பத்திரி, காலேஜ் சீட்டு, எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் நாலு வரி கேட்டு ஆள் நிற்கும். வாசுதேவநல்லூர் தனித் தொகுதி. ஆக, அரசுச் சின்னத்துக்குக் கீழே இருக்கும் பெயர் ஒரு தலித்துடையது. ஊருக்குள் தெருத் தெருவாகச் சாதி பார்ப்பவரும் அந்தத் தாளை இரண்டு கையால் வாங்கி, மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் கவரில் வைக்கிறார். அவருடைய மனசு மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி பார்க்கலாம் போலிருக்கும்.

அச்சடிக்க வசதி இல்லாதவர்களுக்கும் தாளின் தலைப்பகுதி உண்டு. மனுவில் ‘அனுப்புநர்’ என்று போட்டு, பெயர், த/பெ, தெரு, ஊர், வட்டம் என்று கையால் எழுதுவது. இதில் தெரு வரிதான் சிக்கல். சில தெருப் பெயர்களில் சாதி நேராகவே இருக்கும். இல்லாவிட்டால் ‘காலனி’ என்ற சொல் அந்த வேலையைச் செய்துவிடும். விஷயத்தைப் படிக்கும் முன்பே ஆள் யாரென்று குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிடும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-ல்தான் சட்டசபையில் அறிவித்தார்கள்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பல வருஷமாகவே கதவு எண் எழுதுவார், ஊர் எழுதுவார், வட்டம் எழுதுவார். தெரு வரவேண்டிய இடத்தில் மட்டும் ‘பஸ் ஸ்டாண்டு அருகில்’ என்று போடுவார். அவர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். தபால்காரருக்கு ஆள் தெரியும். பதில் ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும்.