ஆறு

சோறு ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும். மூன்றிலும் தணிவதே பொருள். 'அழற்சி' என்ற சொல்லின் வேரில் அழல், அதாவது நெருப்பு, இருப்பதால் அழற்சியும் ஆறுதலும் நல்ல இணை. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் நீராடி நகுல முனிவரின் கீரிமுகம் மாறியது என்ற தலக்கதையும் குளிர்ச்சியையே நலமாகக் காண்கிறது.

சூடே புண்ணை மாற்றத் தொடங்குகிறது, பிறகு ஆறுவதைக் குணம் என்பதேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தோல் கிழிந்ததும் குருதிச் சிறுதட்டுகள் வளர்ச்சிக் காரணிகளைச் சிந்துகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற சமிக்ஞைப் புரதங்களால் அழலை மூட்டிக் கிருமிகளை அழிக்கின்றன. அந்தச் சூடு இல்லாமல் புண் மாறாது. ஆனால் அந்த வெள்ளணுக்களில் ஒருவகையான விழுங்கணுக்கள் பின்னர் குணம் மாறி, புதுத் தசையையும் நாளங்களையும் வளர்க்கும் காரணிகளைச் சுரக்கின்றன. இந்தத் திருப்பத்துக்குத்தான் 'ஆறு' பொருந்துகிறது. முன்பு சூடேறியதுதானே ஆற முடியும்? நீரிழிவுக்காரரின் காற்புண் பலவேளை அந்தத் திருப்பத்தை எட்டாமல் அழலிலேயே நின்றுவிடுகிறது. வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றான மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1997இல் அமெரிக்காவில் நீரிழிவுக் காற்புண்ணுக்காகப் பெகாப்லெர்மின் என்ற வளர்ச்சிக் காரணிக் களிம்பு அனுமதி பெற்றது. களிம்பு மட்டும் போதாது. ஆறாத புண்ணில் மிகும் நொதிகள் அந்தப் புரதத்தையே சிதைத்துவிடும் என்பதால், மருத்துவர்கள் முதலில் அழுகிய தசையை வெட்டி அகற்றுகிறார்கள்.