தாலின் நகரத்துக் காட்சிசாலைகள்

பின்லாந்து வளைகுடாவின் தென்கரையிலுள்ள தாலின், எஸ்தோனிய தேசத்தின் தலைநகரம். முற்காலத்தில் ரேவல் என்று வழங்கிற்று. 1219-இல் டென்மார்க்கு மன்னர் இரண்டாம் வால்டெமார் தூம்பேயாக் குன்றைக் கைப்பற்றியது முதல் ஜெர்மானிய வீரத்துறவியர், ஸ்வீடன், ருஷ்யா என ஆதிக்கம் கைமாறியபோதிலும், ஹான்சா வணிகக் கூட்டத்தைச் சேர்ந்த வர்த்தகர்கள் குன்றின் அடிவாரத்தில் எழுப்பிய கீழ்நகரம், மதிலும் கொத்தளங்களும் பெரும்பாலும் குலையாமல் நின்றுவிட்டது. 1404-இல் முடிவுற்ற நகர மண்டபமும், 1422-ஆம் ஆண்டு ஏடுகளிலேயே இடம்பெற்று இன்றும் அதே சதுக்கத்தில் மருந்து விற்றுவரும் கடையும் இதற்குச் சாட்சி.

காட்சிசாலைகளின் சரித்திரமும் அம்மருந்துக் கடையிலிருந்தே தொடங்குகிறது. பரம்பரையாக அதை நடத்திவந்த புர்ஹார்ட் குடும்பத்தின் எட்டாம் யோஹான், 1802-இல் அபூர்வப் பொருள்களைச் சேகரிக்கலானார். 1864-இல் மாகாணக் காட்சிசாலை நிறுவப்பட்டது. அதன் வழித்தோன்றலான எஸ்தோனிய வரலாற்றுக் காட்சிசாலை இன்று, 1410-இல் கட்டிமுடித்த வணிகர் சங்க மண்டபத்தில் இயங்குகிறது.

ஒரே நாள் தங்கும் யாத்திரிகர், அதில் பாதியை நிகுலிஸ்தே என்னும் புனித நிக்கலஸ் ஆலயத்துக்கு ஒதுக்குவது உத்தமம். 1524-இல் சமயச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் பிற கோயில்களின் விக்கிரகங்கள் நொறுக்கப்பட்டபோது, இக்கோயிலின் பூட்டுகளில் ஈயத்தை உருக்கி வார்த்ததனால் கலகக்காரர் உட்புக முடியவில்லை என்பர். 1944 மார்ச்சு 9 இரவில் சோவியத் விமானங்கள் வீசிய குண்டுகளால் கட்டடம் எரிந்தது. முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்த பொக்கிஷங்கள் பிழைத்தன. நெடுங்காலப் புனருத்தாரணத்துக்குப் பின் 1984-இல் அது காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது.

அங்கே பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லூபெக் நகரத்து ஓவியர் பெர்ன்ட் நோட்கே தீட்டிய 'மரண நடன'த்தின் ஒரு பகுதி இருக்கிறது. இடக்கோடியில் பிரசங்க மேடையில் ஒரு போதகர் நிற்க, அதன் அடியில் அமர்ந்து எலும்புருவான மரணம் துருத்திக் குழல் ஊதுகிறது. அந்த இசைக்குப் போப்பும் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும் கார்டினலும் அரசனும், இருவர் நடுவே ஒரு மரணமாகக் கைபற்றி இழுக்கப்படுகின்றனர். பட்டாடையின் மடிப்பையும் கிரீடத்தின் மணியையும் இத்துணை ஆசையோடு வரைந்த கை, அவற்றை அணிந்தோரின் முகங்களில் தயக்கத்தை மட்டுமே எழுதியிருப்பதில்தான் இதன் மேன்மை. லூபெக்கில் இருந்த இதன் துணை ஓவியம், பிற்காலப் பிரதியாக எஞ்சியிருந்ததும், 1942 குண்டுவீச்சில் அழிந்தது.

கத்ரியோர்க் அரண்மனையை மகா பீட்டர் தம் மனைவி காதரீனுக்காக 1718-இல் தொடங்கினார். இப்போது அது அயல்நாட்டு ஓவியங்களின் இருப்பிடம். அருகிலுள்ள கூமு கலைக்கூடம் 2006-இல் திறக்கப்பட்டது. முதல் உலக யுத்தகாலத்தில் கடல் விமானங்களுக்காகக் கான்கிரீட்டில் வார்த்த மூன்று குவிமாடங்களின் கீழ் 2012 முதல் கடல்சார் காட்சிசாலை நடைபெறுகிறது. அங்கே, பிரிட்டனில் கட்டப்பட்டு 1936-இல் நீரில் இறக்கப்பட்ட 'லெம்பித்' நீர்மூழ்கிக் கப்பலின் உள்ளே இறங்கி, மாலுமிகளின் குறுகிய படுக்கைகளையும் டார்பிடோக் குழாய்களையும் காணலாம்.