கருகிய கம்பிச் சுருள்



சிலாவத்துறை என்றதும் பலருக்கு முத்துக்குளிப்பும், பக்கத்து ஊரான அரிப்பில் ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகையும் நினைவுக்கு வரும். அந்தக் கரையிலே பிறந்த எனக்கோ ஒரு கருகல் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1982 ஆம் ஆண்டு. சவூதியிலிருந்து திரும்பிய என் மாமா, கசற் போடும் வசதியுள்ள ஒரு யப்பானிய வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், வளைகுடாவுக்குத் தொழில் தேடிச் சென்றோரும் பெருகிய காலம் அது. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. ஆறு பற்றரி போட்டுத்தான் கேட்டோம். அவை ஓய்ந்தால் உம்மா வெயிலில் காயவைத்து மறுபடியும் தருவார்.

மன்னார் நகரில் மாமி வீட்டுக் கல்யாணம் வந்தது. "கரண்ட் இருக்கிற வீட்டில பற்றரி எதுக்கு?" என்று மாமா வயரைச் சுவரில் செருகினார். பெட்டி சற்று நேரம் பாடியது. பிறகு ஓர் உறுமல், புகை, மௌனம்.

பிழை பெட்டியிலில்லை. அன்றைய சவூதியில் பல இடங்களிலும் வீட்டு மின்சாரம் 127 வோல்ற். நம் நாட்டிலோ 230. பெட்டியின் பின்புறத்தில் இருந்த சிறு ஆளியை மாற்றிவிட்டுச் செருகியிருக்க வேண்டும். மாமாவுக்கு அது தெரியாது. நிலைமாற்றி என்பது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். எத்தனை வோல்றுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கோடு சுற்றப்பட்டவை. ஏறத்தாழ இரு மடங்கு வோல்ற் ஏறினால் இரும்பு தாங்காது. மின்னோட்டம் பன்மடங்காகும், மயிர் போன்ற கம்பியின் பூச்சு வெந்துபோகும்.

மன்னார் பஸாரில் ஒரு சிறு கடை. கடைக்காரரை எல்லாரும் 'றேடியோ மாஸ்டர்' என்பார்கள். அவர் முதலில் ஆறு பற்றரியைப் போட்டுப் பார்த்தார். கொழும்பு பேசியது.

"தம்பி, பெட்டி சாகேல்ல. சோறு ஊட்டுற கைதான் வெந்துபோச்சு" என்றார்.

கருகிய சுருளை அவர் பிரிக்கப் பிரிக்க, சுற்றுகளை எண்ணுவது என் வேலையாயிற்று. நூற்றுக்கு ஒரு கோடாகச் சிகரெட் பெட்டியின் அட்டையில் குறித்தேன். 230 வோல்றுக்குக் கணக்குப் பார்த்து அவர் புதிய கம்பி சுற்றினார். பழுதாகிப்போன இருவாயிகளையும் கொள்ளளவியையும் மாற்றினார். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிச் சீராக்குபவை அவைதான். கடைசியில் ஒரு மின்குமிழைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தார். குமிழ் பிரகாசமாக எரிந்தால் உள்ளே இன்னும் பழுதிருக்கிறது என்று பொருள். அது மங்கலாகவே கிடந்தது. பெட்டி பாடியது. அந்த அட்டையை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார்: "இன்னொருத்தன் திறந்தா உதவும்."

நமது வானொலி வரலாற்றை நிலையங்களின் வரலாறாகவே எழுதுகிறோம். 1923 இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் செய்த பரிசோதனை, 1925 டிசம்பர் 16 இல் தொடங்கிய கொழும்பு வானொலி, 1949 இல் ரேடியோ சிலோன், 1967 இல் கூட்டுத்தாபனம் என்று வரிசைப்படுத்துகிறோம். கேட்பவரின் பக்கத்துக் கதை வேறு. மின்கம்பி எட்டாத ஊர்களில் வால்வுப் பெட்டிக்கு இரண்டு விதப் பற்றரிகள் வேண்டும்: இழையைச் சூடாக்கச் சிறியது ஒன்று, 90 வோல்ற் அளவில் பெரியது ஒன்று. வசதி படைத்தவருக்கே அது கட்டுப்படியாகும். 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிஸ்டர்தான், சில சிறு பற்றரிகளோடு வானொலியை மீனவர் குடிசைவரை கொண்டுவந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000 பேருக்கும் அதிகமானோர் ஊரிழந்தனர். எங்கள் வீட்டாரும் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தோம். பெட்டி ஊரிலேயே நின்றுவிட்டது.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருந்தோருக்கு மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. அவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த 6 வோல்றைக் கொண்டு பிபிசி தமிழோசை கேட்டார்கள். 1941 இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 இல் நின்றுபோனது. டைனமோ தருவதும் ஆடலோட்டமே. அதை நேராக்க அங்கும் இருவாயியும் கொள்ளளவியுமே வேண்டியிருந்தன. இதை யாழ்ப்பாணத்து நண்பரொருவர் சொல்லக் கேட்டபோது எனக்கு மன்னார்க் கடையே கண்ணில் நின்றது. பிரிந்து கிடந்த இரு சாராரும் ஒரே செய்திக்குக் காது கொடுத்திருந்தோம்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குப் போனேன். மன்னார் பஸாரில் அந்தக் கடையைத் தேடினேன். அந்த இடத்தில் வேறு கடை இருந்தது. விசாரிக்க வாயெடுத்தபோதுதான் உணர்ந்தேன், மாஸ்டரின் பெயர் எனக்குத் தெரியாது. கம்பியை ஆயிரம் சுற்றுக்கு மேல் எண்ணியவன், அவர் பெயரை ஒருமுறை கேட்கவில்லை.

நேயர்களே, ஒலிபரப்பாளர் பெயர்களை நாம் மறப்பதில்லை. அவர்கள் குரலை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த ஒருவர் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார். அவர் பெயரை எங்காவது எழுதிவையுங்கள்.