ஆங்கிலோ-சீனப் பள்ளி, சிங்கப்பூர்

சிங்கப்பூர்ச் சீன வணிகர்களின் மைந்தர்களுக்கு ஆங்கிலக் கல்வி அளிப்பதற்காக, பெங்களூரில் பிறந்து நில அளவையாளராகப் பணியாற்றிப் பின்னர் மெதடிஸ்ட் சபைப் போதகரான வில்லியம் ஓல்டம் (1854–1937), 1886 மார்ச் 1 அன்று அமோய் தெருக் கடைவீடு ஒன்றில் 13 மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி. சீன வணிகர்களின் விவாதக் கழகத்தில் ஓல்டம் வானியல் குறித்து உரையாற்றியதை அடுத்து, டான் கியோங் சாய்க் என்னும் வணிகர் தமக்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு வேண்டியதே இம்முயற்சிக்கு வித்திட்டது.

தொடக்கத்தில் காலையில் சீனமும் பிற்பகலில் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. மாணவர் பலர் வீட்டில் பேசியது சீனாவின் ஃபூஜியன் பகுதியைச் சேர்ந்த ஹொக்கியன் மொழியையோ, ஹொக்கியன் சொற்கள் மிகுந்த மலாய் வழக்கான பாபா மலாயையோ ஆகும். வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் அவர்கள் காதில் விழுவது அரிது என்பதால், அம்மொழியையும் மேலைநாட்டு நடையுடை பழக்கங்களையும் அன்றாட வாழ்விலேயே பயிலும் வகையில் பள்ளி விடுதியொன்றும் ஏற்பட்டது. வணிகத்துக்கும் காலனிய அரசு அலுவலகப் பணிக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டமையால், கிறித்தவரல்லாத பெற்றோரும் மிஷனரிக் கல்வியை ஏற்றனர்.

இதே சபையைச் சேர்ந்த சோஃபியா பிளாக்மோர், தமிழ் வணிகர்களின் ஆதரவுடன் 1887இல் தமிழ்ப் பெண்கள் பள்ளியையும் 1888இல் சீனச் சிறுமியருக்கான பள்ளியையும் தொடங்கி, இக்கல்வியைப் பெண்களுக்கும் விரிவாக்கினார்.