பூட்டு ஊரும் துப்பாக்கிப் பூட்டும்

திண்டுக்கல் என்றதும் பிரியாணிக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பூட்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்தக் கட்டுரை கதவுப் பூட்டைப் பற்றியது அல்ல. துப்பாக்கிக்கும் ஒரு பூட்டு உண்டு! ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ஒரே பெயர்தான்: லாக்.

1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார் ஹைதர் அலி. பழனி மலை அடிவாரத்துப் பாளையக்காரர்களை அடக்குவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவர் அதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து ஆயுதச்சாலை ஒன்றை அமைத்தார், பீரங்கிப் படையையும் உருவாக்கினார். பிற்கால மைசூர்ப் படையின் பலத்துக்கு விதை விழுந்தது இங்கேதான்.

அன்றைய நாட்டுப் படைகளில் அதிகம் இருந்தவை திரித் துப்பாக்கிகள். எரியும் திரியை மருந்தில் வைத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். அதன் பொறி எளிது. மழை வந்தால் திரி அணைந்துவிடும், இருட்டில் திரியின் கனல் எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐரோப்பியர் கொண்டுவந்த சக்கிமுக்கித் துப்பாக்கியில் திரியே கிடையாது. விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய 'குதிரை' பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். தீப்பொறி கீழே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும். அந்த நெருப்பு, குழலின் பக்கத்தில் உள்ள துளை வழியாக உள்ளே போய்க் குண்டைத் தள்ளும்.

இத்தனை பாகங்களையும் தாங்குவது ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் தகடு. அதுதான் லாக் பிளேட், அதாவது பூட்டுத் தகடு. குதிரையும் கிண்ணமும் அதன் வெளிப்பக்கம். பெரிய வில்லும் மற்ற நுட்பமான பாகங்களும் உள்பக்கம்.

இதைச் செய்வது எப்படி? இரும்பை உலையில் காய்ச்சி அடித்து, அரத்தால் ராவித் தட்டையாக்க வேண்டும். ஓரங்களை உள்நோக்கிச் சற்றே சரிவாக ராவ வேண்டும். அப்போதுதான் மரக்கட்டைக்குள் சிக்காமல் இறங்கி, கடைசியில் இறுக்கமாக உட்காரும். திருகுத் துளைகள் நூலிழை விலகினாலும் குதிரை சரியாக ஆடாது.

அடுத்து, மரத்தில் பொருத்தும் வேலை. தகட்டில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் மெல்லச் சீவிவிட்டு மறுபடி கரி, மறுபடி அழுத்தம்... இப்படிப் பல தடவை. முடிவில் தகடு குழலை ஒட்டி நிற்க வேண்டும், கிண்ணம் துளைக்கு நேராக வர வேண்டும். இடைவெளி விட்டால் மருந்து உள்ளே சிந்தும். துளை விலகினால் கிண்ணத்தில் தீ எரியும், குண்டு மட்டும் போகாது!

இதில் முக்கியமான விஷயம், ஒரு துப்பாக்கிக்குச் செய்த தகடு இன்னொன்றுக்குச் சேராது. எல்லாமே கை அளவு. உள்ளே இருக்கும் வில் உடைந்தால், அதைப் பதமாகக் காய்ச்சத் தெரிந்த ஆள் வேண்டும். பதம் கூடினால் ஒடியும், குறைந்தால் வளைந்தே கிடக்கும். பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்து 1785-ல் காட்டியபோது, தாமஸ் ஜெஃபர்சனே வியந்தார். நம் தொழிற்சாலைகளின் 'ஸ்பேர் பார்ட்ஸ்' முறைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

ஆகவே துப்பாக்கியை விலைக்கு வாங்கினால் மட்டும் போதாது, செய்யத் தெரிந்தவர்களும் வேண்டும். திப்பு சுல்தானுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 1788-ல் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்த அவரது தூதர்கள், பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் கேட்டார்கள். மைசூர்ப் பட்டறைகளில் புலி உருவங்களோடு சக்கிமுக்கித் துப்பாக்கிகள் உருவாயின.

திண்டுக்கல் கோட்டையோ 1790-ல் கம்பெனியிடம் வீழ்ந்தது. 1792 உடன்படிக்கைப்படி அந்தச் சீமையே கை மாறியது. மலையடிவாரத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் எதிர்த்து நின்று 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில், தென்சீமைப் பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி அறிவித்தது. ஆயுதம் போனால் அதைச் செய்யும் கைக்கும் வேலை போய்விடும் அல்லவா? போர்க்களத் தோல்வியைவிட நீண்ட தோல்வி இது. இன்று 1959 ஆயுதச் சட்டப்படி, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் உரிமம் வேண்டும்.

இனி ஏதாவது அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைப் பார்த்தால், குழலை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டுத் தகட்டையும் உற்றுப் பாருங்கள். அதில் இதய வடிவ முத்திரையோ, பின்னாளில் வந்த சிங்கமோ இருந்தால் அது கம்பெனியுடையது. புலி இருந்தால், நாமே செய்துகொள்ள முடியும் என்று ஒருவர் நம்பிய காலத்தின் மிச்சம் அது.