மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறை

எஸ்எம்டிபி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நெறிமுறை, ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மின்னஞ்சலைக் கொண்டுசேர்ப்பது. ஜான் போஸ்டல் இதை 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அன்று வலையில் இருந்தவை சில நூறு கணினிகளே. பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்கள், அந்நியர் தொல்லை இல்லை. அதனால் அனுப்புகிறவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்க அதில் வழியே வைக்கவில்லை.

அனுப்பும் சர்வர், பெறுநரின் டொமைனுக்கு மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை, வலையின் பெயரேடான டிஎன்எஸ்ஸில் தேடி, 25ஆம் போர்ட்டில் கதவைத் தட்டும். யார் அனுப்புகிறார், யாருக்கு என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுக்கும். ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் கடிதம் முடிந்தது; '250' என்று பதில் வந்தால் ஏற்கப்பட்டது. இதில் ஒரு சங்கதி: அங்கே சொல்லும் அனுப்புநர் முகவரி உறைமேல் எழுதுவது, திரையில் நாம் பார்ப்பது கடிதத்துக்குள் இருப்பது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வங்கிப் பெயரில் வரும் மோசடி மெயில்கள் பலவும் இந்த இடுக்கில்தான் நுழைந்தன.

பூட்டுகள் தாமதமாகவே வந்தன. வழியில் பிறர் படிக்காதிருக்க ஸ்டார்ட்-டிஎல்எஸ் (1999), அனுப்ப உரிமையுள்ள சர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப் (2006), கையொப்பமிடும் டிகிம் (2007), இவற்றைத் திரையில் தெரியும் முகவரியோடு பொருத்திப் பார்க்கும் டிமார்க் (2015). எல்லாமே ஒட்டுப்போட்டவை, பழைய நெறிமுறை அடியில் அப்படியே ஓடுகிறது.

இந்தப் பூட்டுகளால் தடுக்க முடியாத ஒன்று, 2011இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்த, மின்னஞ்சல் சேவையும் நடத்தும் ஜோஹோ நிறுவனத்துக்கு நேர்ந்தது. 2018 செப்டம்பர் 24 அன்று, ஜோஹோ மெயிலிலிருந்து தூண்டில் மடல்கள் வருகின்றன என்ற புகாரின்பேரில், டொமைன் பதிவாளரான டியர்ராநெட் ஜோஹோ.காம் பெயரையே முடக்கியது. எந்தப் பூட்டும் உடைபடவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோரின் சேவை நின்றது. பெறும் சர்வர் பழுதானால் அனுப்பும் சர்வர்கள் கடிதத்தை வரிசையில் வைத்து நான்கைந்து நாள் மறுபடி முயலும். பெயரே டிஎன்எஸ்ஸில் இல்லையென்றால் கடிதம் உடனே திரும்பிவிடும். பதிவாளரைத் தொடர்புகொள்ள உதவும்படி ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் கேட்க வேண்டியிருந்தது.

2025இல் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாறியது. முகவரிகள் மட்டும் பழையபடியே. அரசு டொமைன்களின் பதிவு தேசியத் தகவலியல் மையத்தின் கையில்தான் இருக்கிறது.