தோல்: ஒரு நாவலும் ஒரு தீர்ப்பும்

பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து வாழ்க்கையைப் படித்து அறிய விரும்புவோருக்கு நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, 2010இல் வெளிவந்து 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல். மற்றொன்று, தோல் கழிவு மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு. நாவலின் களம் திண்டுக்கல்தான். ஆனால் அங்குள்ள தோல் ஷாப்புகளும், அதாவது தோல் பதனிடும் கூடங்களும், அந்தத் தீர்ப்புக்குள் அடக்கம்.

செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். சட்டம் தெரிந்த அவர் எழுதியதோ சட்டம் எட்டிப் பார்க்காத இடத்தை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்த தலித் மக்கள், கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், எப்படிச் சங்கமாகத் திரண்டார்கள் என்பதே கதை. குனிந்தே பழகியவன் முதலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தருணத்துக்கு முன்னால் எத்தனை தலைமுறை அச்சம் கிடக்கிறது என்று அந்த நாவல் காட்டியதைப் போல வேறெந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை.

நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பின் கண் நிலத்தின் மேல் இருக்கிறது. பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனது சுமார் 35,000 ஹெக்டேர். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர். திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனவை. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டமாக்கியதில் இத்தீர்ப்பின் பங்கு மிகப் பெரிது. தொழிலாளியோ, வேலைவாய்ப்பு என்ற சொல்லாக, அந்நியச் செலாவணிக்குப் பக்கத்தில் வந்து போகிறார்.

நாவலில் கிணறு அந்த அளவுக்கு வராததைக் குறையென்று சொல்ல மாட்டேன். கதை நடக்கும் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் மத்திய அரசு கட்டுப்படுத்திய பிறகுதான் குரோமியம் கொண்டு பதனிடுவது பெருகியது. தொழிலாளியைப் பற்றிய தீர்ப்பின் மௌனத்துக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல முடியவில்லை. பாலாற்றங்கரையில் நிலம் கெட்ட வீட்டுப் பிள்ளைகள்தானே தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போனார்கள்? கெட்ட கிணறும் வாங்கும் கூலியும் ஒரே வீட்டில் இருக்கும்போது, யாரை எதிர்த்து யார் வாய் திறப்பது? இந்த ஊர்களின் நீண்ட பொறுமைக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். இதை நாவலை மட்டும் படித்தவரும் அறியமாட்டார், தீர்ப்பை மட்டும் படித்தவரும் அறியமாட்டார்.

ஈட்டுத் தொகைக்கான போராட்டம் தொடர்ந்தது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் மாசு குறித்து மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

அதற்குச் சரியாகப் பத்தாண்டுகள் முன்பு, 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தீர்ப்பு கணக்கெடுத்த கழிவும், செல்வராஜ் எழுதிய உழைப்பாளியும் அங்கே ஒரே இடத்தில் இருந்தன. அப்படிப் பிழைக்க வந்தவர்களுக்குச் சங்கமும் இல்லை, கெட்டுப்போக இங்கே ஒரு கிணறும் இல்லை.